ஜீப் குடித்த தண்ணீர்

அத்தியாயம் 3

"மேடம், நம்ம ஆபீஸ் போர்டுல துப்பறியும் நிறுவனம்னுதான் எழுதியிருக்கோம். வண்டிக்கு அடியில படுத்து எழுந்திருப்போம்னு எழுதலையே?" என்றார் குப்புசாமி.

ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை செந்தமிழின் பாதங்கள். பதிலுக்கு முன்னால் கை வந்தது.

"டார்ச்சைக் குடுங்க அண்ணே. அப்புறம் பேசுங்க."

"டார்ச்சைக் குடுத்துக்கிட்டே பேசுவேன் மேடம். ரெண்டு வேலையும் எனக்கு வரும்."

மரக்காணத்தில் ஜூன் மாதத்து இரண்டு மணி வெயில் என்பது மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. உப்பளத்துத் தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். ஏட்டாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குப்புசாமி, வீட்டில் மனைவியின் அதிகாரம் தாங்காமல் துப்பறியும் வேலைக்கு வந்தவர். இங்கே வந்து பார்த்தால் முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருத்தியின் அதிகாரம் காத்திருந்தது. ஆனாலும் இந்த அதிகாரத்தில் மூளை இருந்தது. அதனால் பொறுத்துக்கொண்டார்.

செந்தமிழ் புதுச்சேரியில் பதினாலு வருடம் இன்சூரன்ஸுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிட்டவள். வண்டிக்காரன் சொல்வதை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, அப்புறம் வண்டியைத் தனியாக விசாரிப்பது அவள் வழக்கம். இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் கையில் இருந்தது சரியாக இரண்டு மணி நேரம். நாலு மணிக்கு மரக்காணம் எஸ்.ஐ., காசிலிங்கத்தை வேனில் ஏற்றித் திண்டிவனம் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறார். ரிமாண்ட் ஆகிவிட்டால் பதினைந்து நாள் உள்ளேதான்.

காசிலிங்கம் இந்த ஜீப்பின் சொந்தக்காரன். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழிக்கு அந்தப் பக்கம் நடுத்திட்டு என்று ஒரு மீனவக் குப்பம். அங்கிருந்து மீன் கூடைகளையும், சில நாள் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீரிலேயே இறங்கி இந்தப் பக்கம் ரோட்டுக்கு வருவான். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் கழியைத் தாண்டக்கூடிய ஒரே வண்டி அதுதான்.

அதுவே வினையாகப் போயிற்று. சுனாமிக்குப் பிறகு நடுத்திட்டுக்குத் தானமாக வந்த படகு என்ஜின்கள் பன்னிரண்டு, மரப்பெட்டிகளில் மீனவர் சங்கத்துக் கொட்டகையில் இருந்தன. நேற்றுக் காலையில் மூன்று பெட்டிகளைக் காணோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தண்ணீர் நன்றாக ஏறியிருந்தபோது, காசிலிங்கத்தின் ஜீப் பாரத்தோடு கழியைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சங்கச் செயலாளர் ஜெயசீலன் எழுதிக் கொடுத்துவிட்டார். படகில் போயிருந்தால் கரையில் நிற்கிற யாராவது பார்த்திருப்பார்கள் என்றும் சொன்னார். போலீஸ் வந்து பார்த்தபோது ஜீப் காசிலிங்கம் வீட்டு வாசலில் கதவின் அடி மட்டம் வரைக்கும் உப்புப் பூத்து நின்றது. வேறென்ன வேண்டும்? எஸ்.ஐ. அவனை அள்ளிக்கொண்டு போனார். ஸ்டேஷன் வாசலில் இடமில்லாததால் ஜீப்பை இங்கேயே விட்டு, யாரும் கிளப்பிக்கொண்டு போகக்கூடாதென்று பானெட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பொன்னி, சாவி எங்க இருக்கும் வண்டிக்கு?" செந்தமிழ் அடியிலிருந்து கேட்டாள்.

"வண்டியிலயேதான் மேடம் தொங்கும். சுனாமி வந்த நாள்லருந்து அப்படித்தான். ராத்திரி பகல்னு இல்லாம யாருக்கு ஆபத்துன்னாலும், ஓட்டத் தெரிஞ்சவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு எங்க வீட்டுக்காரருதான் விட்டு வச்சிருக்காரு."

பொன்னி காசிலிங்கத்தின் மனைவி. செந்தமிழைக் கூப்பிட்டவள் அவள்தான். திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரின் மகள். புருஷன் உள்ளே போனால் பெண்கள் அழுவார்கள் என்பது குப்புசாமியின் இருபத்தெட்டு வருட அனுபவம். இவள் அழவில்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்பானரைக் கையில் பிடித்தபடி, ஊரையே ஒரு திருகு திருகிவிடுகிற கோபத்தில் நின்றாள்.

"இந்த வண்டிக்குத் தண்ணி ஏறாம வேலை செஞ்சது நான் மேடம். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பீத்திக்கிட்டேன். அந்த வாயாலதான் இப்ப அவரு உள்ள இருக்காரு."

"என்னம்மா வேலை செஞ்ச? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் சைக்கிளுக்குக் காத்தடிக்கறதோட நிறுத்திக்கிட்டவன்," என்றார் குப்புசாமி.

பொன்னி பின் சக்கரங்களுக்கு நடுவில் உருண்டையாகத் தொங்கிய இரும்பைக் காலால் தட்டினாள்.

"இது கிரவுன். உள்ள பல்சக்கரமும் ஆயிலும் இருக்குது. ஓட ஓடச் சூடாகும். சூடானா உள்ள இருக்கிற காத்து விரியும். அது வெளிய போறதுக்கு மேல ஒரு மூக்கு வச்சிருப்பாங்க. பிரீதர்னு பேரு. சூடான வண்டி சட்டுனு தண்ணியில இறங்கினா உள்ள குளிர்ந்து காத்து சுருங்கும். அப்ப அந்த மூக்கு வழியாவே உறிஞ்சும். மூக்கு தண்ணிக்குள்ள இருந்தா?"

"தண்ணியை உறிஞ்சும்."

"ஆங். அதனால நான் முன் கிரவுன், பின் கிரவுன், கியர்பாக்ஸ் மூணு மூக்குலயும் நீளமா ரப்பர் ஓஸ் மாட்டி, அந்த ஓஸ் நுனியெல்லாம் பானெட்டுக்குள்ள உச்சியில கொண்டு போய்க் கட்டிட்டேன். வண்டி மார்பளவு தண்ணியில நின்னாலும் மேல இருந்துதான் மூச்சு விடும். ஒரு சொட்டு ஏறாது. எழுதி வச்சுக்குங்க."

"எழுதிக்கிறேன். அதுக்கு முன்னாடி திறந்து பாத்துடலாம்," என்று செந்தமிழ் வெளியே உருண்டு வந்தாள். முகத்தில் கிரீஸ். "ஓஸ் ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. கிழியல, கழலல. ஆனா சக்கரத்து ஓரமா, ஆயில் வெளிய வராம தடுக்கற சீல்ல கசிஞ்சிருக்கு. பின் கிரவுன்ல ஆயில் ஊத்தற போல்ட்டைக் கழட்டு பொன்னி."

பொன்னி கழற்றினாள். விரலை உள்ளே விட்டு எடுத்தாள். கறுப்பாக வர வேண்டிய ஆயில், பால் ஊற்றிக் கலக்கிய நிறத்தில் விரலில் வழிந்தது.

"டீ ரெடி. சர்க்கரை போட்டாச்சா?" என்றார் குப்புசாமி.

சொன்ன பிறகுதான் பொன்னியின் முகத்தைப் பார்த்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுடைய கோபமெல்லாம் எங்கோ போய், முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அதோடு அவள் வேலையும் பொய்யாகிவிட்டது. ஒரே விரலில் இரண்டு அடி.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று ஒரு குரல் கேட்டது.

பக்கத்து உப்புக் குவியலின் நிழலிலிருந்து பலராமன் வந்தார். உப்பளக்காரர். காசிலிங்கத்தின் வீட்டுக்குப் பின்னாலிருந்து அரை மைல் தூரத்துக்கு அவருடைய பாத்திகள்தான். ஜீப் வரப்பில் ஏறுகிறது, வரப்பு சரிகிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை காசிலிங்கத்தோடு மல்லுக்கு நிற்பவர். இந்த நல்ல காட்சியைப் பார்க்கவென்றே மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பெரிய தண்ணி ஏறாத வண்டி? உப்பு தொடாத எடம் உண்டா இந்த ஊர்ல? திருடிக்கிட்டுப் போனவனை உப்பே காட்டிக் குடுத்துடிச்சு பாத்தியா!"

குப்புசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளே சொன்னது: இந்த ஆளைக் கவனி. இவ்வளவு சந்தோஷப்படுகிறவன் சும்மா இருக்க மாட்டான்.

செந்தமிழ் அவரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கிரவுனுக்கு அடியில் ஒரு சொம்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழ்ப் போல்ட்டைத் திருகினாள். "ஒண்ணரை நாளா வண்டி அசையாம நிக்குது. ஆயில் மேல, தண்ணி கீழ. முதல்ல தண்ணிதான் வரணும்."

வந்தது. ஆயில் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர் அளவுக்குத் தெளிவான தண்ணீர். அவள் அதில் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் அஷ்டகோணலாயிற்று. காறித் துப்பினாள்.

"மேடம், வீட்ல சமைக்கறப்பகூட நீங்க இவ்வளவு ருசி பாத்ததா சரித்திரம் இல்லையே?"

"கழித் தண்ணி இவ்வளவு கரிக்காது அண்ணே." அவள் பலராமனிடம் திரும்பினாள். "ஐயா, உப்புத் தண்ணிக்கு டிகிரி பாக்கற கண்ணாடி வச்சிருப்பீங்களே, கொஞ்சம் கொண்டாங்க. உங்க கையாலயே பாத்துச் சொல்லுங்க. இந்த ஊர்ல உங்களைவிடத் தண்ணி தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

புகழ்ச்சிக்கு மயங்காத உப்பளக்காரர் இன்னும் பிறக்கவில்லை. பலராமன் கொட்டகைக்குப் போய், நீளமான கண்ணாடிக் குடுவையும், அடியில் குண்டு வைத்த மெல்லிய கண்ணாடிக் குழலும் எடுத்து வந்தார். தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, ஒரு மொடமொடப்பான துண்டால் குழலைத் துடைத்து, உள்ளே விட்டார். அது இரண்டு தரம் முங்கி எழுந்து நின்றது. அதன் மேல் கோடு போட்டு எண் எழுதியிருந்தது.

"உப்பு ஏற ஏறத் தண்ணி கனமாகும், குழல் மேல ஏறும். அதுதான் டிகிரி," என்று வாத்தியார் தோரணையில் ஆரம்பித்தார். "கடல், கழி எல்லாம் மூணு டிகிரி. வெயில் காலத்துல மிஞ்சிப்போனா நாலு. அதை மொத பாத்தியில கட்டுவோம், எட்டாகும். அங்கருந்து ரெண்டாம் பாத்தி. அதுக்கப்புறம்தான் உப்பு எடுக்கற பாத்தி. இருபத்தஞ்சு வந்தா உப்பு வுழும். இப்ப இது..." குனிந்து கண்ணைச் சுருக்கினார். "பதினாறு."

"பதினாறு எங்க கிடைக்கும்?"

"பதினாறு இன்னிக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே எடத்துலதான். மத்தவன் எல்லாம் சுனாமியில போன வரப்பைச் சரி பண்ணிட்டு இப்பதான் தண்ணி கட்டறான். என்னோட ரெண்டாம் பாத்..."

வாக்கியம் முடியவில்லை. பலராமன் குடுவையைக் குப்புசாமியின் கையில் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபது வயது மனுஷன் ஒருத்தர் வரப்பு மேல் அப்படி ஓடிக் குப்புசாமி பார்த்ததில்லை.

அவர்கள் மூன்று பேரும் பின்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் உயரமான உப்புக் குவியலுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்கு அடியில், தரையைக் கிழித்துக்கொண்டு இரண்டு சக்கரத் தடங்கள் உள்ளே போய், ஒரு வட்டம் அடித்து, அதே வழியாக வெளியே வந்திருந்தன.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. வண்டி உங்க பாத்தியில இறங்கியிருக்குது. அந்த வண்டிக்காரனை உங்களுக்குப் பிடிக்காது. சாவி வண்டியிலயே தொங்குது," என்று குப்புசாமி தன் பழைய ஏட்டுக் குரலை வெளியே எடுத்தார். "நேத்து விடியக்காலம் எங்க இருந்தீங்க?"

பலராமன் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஏம்பா, உனக்கு உப்பளம்னா இன்னான்னு தெரியுமா? பொங்கல் முடிஞ்சு நாப்பது நாளு, பன்னண்டு பேரு, வெறுங்கால்ல மிதிச்சு மிதிச்சு இறுக்கின தரை இது. தட்டினா கல்லு மாதிரி இருக்கணும், அப்பதான் தண்ணி நிக்கும். என் பேரன் செருப்போட இறங்கினாக்கூட அவனைக் கரையேத்திட்டுத்தான் மறுவேலை பாப்பேன். இதுல ஜீப்பு! இந்தத் தடம் வழியா தண்ணி பூரா மண்ணு குடிச்சிடும். இந்த வருஷத்துக்கு இந்தப் பாத்தி அவ்ளோதான். நானா ஓட்டுவேன்?"

குப்புசாமிக்கு வெட்கமாக இருந்தது. உப்புக்காரன் எவனும் இதைச் செய்ய மாட்டான் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. அவர் ஏட்டுக் குரலை மடித்து வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க ஐயா," என்றார்.

"அப்ப யாரோ ஒருத்தன் வண்டியை நனைக்கத்தான் கொண்டு வந்திருக்கான்," என்றாள் செந்தமிழ். "கழியைத் தாண்டின வண்டி மாதிரி காட்டணும். கழியில இறக்கினா விடியக்காலம் கடலுக்குப் போற படகெல்லாம் பாக்கும். அதனால மறைவா இருந்த தண்ணியில இறக்கினான். உப்புத் தண்ணின்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனைச்சிருக்கான். அப்படி நெனைக்கிறவன் யாரு?"

"நான் நெனைப்பேன் மேடம்."

"உங்களைத் தவிர?"

"கடல்காரங்க," என்று பொன்னி மெல்லச் சொன்னாள். உடனே தலையை ஆட்டினாள். "ஆனா மேடம், எனக்கு அது பதில் இல்ல. மார்பளவு தண்ணியில அவரு எத்தனை தரம் போயிருக்காரு! அப்பல்லாம் ஒரு சொட்டு குடிக்காத வண்டி, முழங்கால் தண்ணியில எப்படிக் குடிச்சுது? என் ஓஸ் இன்னா ஆச்சு?"

செந்தமிழ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அதுதான் சரியான கேள்வி. ஓஸ் நுனி பானெட்டுக்குள்ள இருக்கு. பானெட் சாவி எஸ்.ஐ. கிட்ட இருக்கு." செல்போனை எடுத்தாள்.

எஸ்.ஐ. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். கோர்ட்டுக்குப் போகிற வழிதானே என்று வேனை நிறுத்தினார். வேனில் கைவிலங்கோடு காசிலிங்கம். ஒல்லியான, கருத்த மனுஷன். முன் சீட்டில் சாட்சி ஜெயசீலன். சங்கத்துப் பேட்ஜ், வெள்ளைச் சட்டை. செயலாளர் ஆவதற்கு முன் இருபது வருடம் படகில் போனவர் என்பதைத் தோள்கள் காட்டிக் கொடுத்தன. பொன்னி காசிலிங்கத்தைப் பார்த்தாள். அவன் இவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, உடனே ஜீப்பைப் பார்த்தான்.

எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டார். பதினாறு டிகிரியைக் கேட்டார். பாத்தித் தடத்தைக் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அதை இவனே ஓட்டியிருக்கலாமே? கழியைத் தாண்டி சரக்கை எங்கயோ இறக்கிட்டு, வர்ற வழியில இருட்டுல தடம் மாறிப் பாத்தியில விட்டான்னு சொல்லுவேன். கோர்ட்ல நான் உங்க டிகிரி கண்ணாடியை வச்சுக்கிட்டு இன்னா செய்யறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"பானெட்டைத் திறங்க சார். அது போதும்," என்றாள் செந்தமிழ்.

சங்கிலி கழன்றது. பொன்னி பானெட்டைத் தூக்கி, பாட்டரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எவன்டா அவன்!" என்று கத்தினாள்.

மூன்று ஓஸ்கள் ஒன்றாகக் கட்டி மேலே நின்றன. மூன்றின் நுனியும் திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கவில்லை. பழைய செருப்பு ரப்பரை அழகாகச் சீவி, துளைக்கு அளவாகத் தக்கை செய்து, பாலிதீன் சுற்றி உள்ளே அடித்து, மேலே வலை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு வேலைப்பாடு என்றே சொல்ல வேண்டும்.

"மூக்கைப் பொத்திட்டான் சார்! சூடான காத்து வெளிய போக வழி இல்லாம சீலைப் பிதுக்கிடுச்சு. தண்ணியில இறங்கிக் குளிர்ந்ததும் மேல இருந்து உறிஞ்ச முடியல, அந்தப் பிதுங்கின சீல் வழியா கீழ இருந்து தண்ணியை உறிஞ்சிடுச்சு. என் வேலை தப்பு இல்ல! இதைத் தொடாம விட்டிருந்தா ஒரு சொட்டு ஏறியிருக்காது!" அவள் குரல் உடைந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது.

செந்தமிழ் ஜெயசீலனிடம் போய், சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, எனக்குப் படகு தெரியாது. தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி முதல்ல இன்னா செய்வீங்க?"

"தக்கை அடிப்போம். படகு அடியில தண்ணி வடியற துளை இருக்குமில்ல, அதுக்கு." கேள்வி எளிது. பதில் பழக்கத்தில் தானாக வந்தது.

"எதுல செய்வீங்க தக்கை?"

"செருப்பு ரப்..." அவர் நிறுத்தினார்.

"துளை திறந்து கிடக்கிற எதையாவது உங்களால தண்ணியில இறக்க முடியுமா அண்ணே? மனசு வருமா?"

ஜெயசீலனின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"சார், இந்த வண்டியை ஒண்ணும் ஆகாம பத்திரமா தண்ணியில இறக்கணும்னு ஒருத்தர் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காரு," என்றாள் செந்தமிழ் எஸ்.ஐ. பக்கம் திரும்பி. "வண்டிக்காரன் மூக்கைப் பொத்த மாட்டான், அவனுக்கு அது மூக்குன்னு தெரியும். உப்புக்காரர் பாத்தியில வண்டியை விட மாட்டாரு. மூக்கைப் பொத்தின வண்டி கழியில இறங்கியிருந்தா கழித் தண்ணியைக் குடிச்சிருக்கும். உள்ள இருந்தது பதினாறு டிகிரி மட்டும்தான். அப்ப கழியைத் தாண்டின ஜீப்பை இவரு எங்க பாத்தாரு?"

குப்புசாமி ஜெயசீலனின் தோளில் கை வைத்தார். "உக்காருப்பா. நின்னுக்கிட்டே பொய் சொன்னா கால் வலிக்கும்."

ஜெயசீலன் ஜீப்பின் முன் பம்பரில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"நான் திருடல சார். புள்ளைங்க மேல சத்தியமா திருடல. நாளைக்கு எல்லாருக்கும் என்ஜின் குடுக்கணும். ஓட்டிப் பாக்கலாம்னு முந்தாநாள் சாயந்திரம் பெட்டியைத் திறந்தேன். ஒம்போதுல என்ஜின். மூணுல செங்கல்லும் வைக்கோலும். மார்ச்சிலயே பன்னண்டும் சரியா வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன், ஒரு பெட்டியும் திறக்காம. ஊரு என்னைத்தான கேக்கும்? நான்தான் வித்துட்டேன்னுவாங்க. பெட்டியை எரிச்சேன். செங்கல்லை ராவோட ராவா கழியில போட்டேன். காசி வெளியூர்க்காரன். ரெண்டு நாள்ல சரக்கு கிடைக்கலன்னு விட்டுடுவாங்கன்னு நெனைச்சேன். வாசல்ல நின்ன வண்டியை எடுத்து, மறைவா ஓரத்துல நிறுத்தி, எங்கெல்லாம் ஓட்டை இருக்குன்னு பானெட்டைத் தூக்கிப் பாத்து அடைச்சுட்டு, ரோடு சுத்தி ஓட்டிக்கிட்டு வந்து உப்பு மேட்டுக்குப் பின்னால தண்ணியில இறக்கினேன், திரும்ப வாசல்லயே கொண்டு வந்து விட்டேன். அடைச்சது, வண்டியாவது கெடாம இருக்கட்டும்னுதான்."

எஸ்.ஐ. சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"செங்கல் கதையா? பெட்டி எரிஞ்சு போச்சு, செங்கல் தண்ணியில போச்சு. கழியில கிடக்கிற செங்கல் எந்தப் பெட்டிலருந்து வந்துச்சுன்னு நாளைக்கு யாரு சொல்லப்போறா? மூணு என்ஜினை வித்துட்டு ஒருத்தன் மேல பழியைப் போட்டேன்னு சொல்லு, அது நம்பற மாதிரி இருக்கு. கான்ஸ்டபிள், விலங்கை அவன்கிட்டருந்து கழட்டி இவனுக்கு மாட்டு."

விலங்கு கழன்றது. காசிலிங்கம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான். பொன்னி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, நேராக எஸ்.ஐ.யிடம் வந்தான். அதுவரைக்கும் அவன் குரலை அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

"சார். இவரு சொல்றது நிஜம்."

"என்னய்யா?"

"அந்தப் பன்னண்டு பெட்டியையும் ரோட்டுலருந்து கழி தாண்டிக் கொண்டாந்தது நான்தான். ஒவ்வொண்ணா நானே ஏத்தி நானே இறக்கினேன். படகு என்ஜின் பெட்டின்னா தலைப் பக்கம் கனமா இருக்கும், தூக்கினா ஒரு பக்கம் சாயும். ஒம்போது பெட்டி அப்படித்தான் சாஞ்சுது. மூணு பெட்டி சாயல. நாலு மூலையும் ஒரே கனம். அன்னிக்கே சொன்னேன் இவர்கிட்ட, திறந்து பாருங்க அண்ணேன்னு. தானமா குடுத்ததை, என்ஜின் அனுப்பின கம்பெனி ஆளு முன்னாடியே திறந்து பாத்தா அசிங்கம்பா, ஊருக்கு மரியாதை இல்லன்னாரு. அந்தக் கம்பெனி ஆளும் பக்கத்துலதான் நின்னான். அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கு."

செந்தமிழ் தன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். திருடன் நடுத்திட்டிலும் இல்லை, மரக்காணத்திலும் இல்லை. பெட்டிகள் புறப்பட்ட இடத்தில் இருக்கிறான்.

ஜெயசீலன் கையை முகத்திலிருந்து எடுத்திருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உலகத்திலேயே தான் திருடவில்லை என்று தனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஒரு மனுஷனைத் தேடிப் பிடித்து, அவனைத்தான் அவர் போலீஸிடம் கொடுத்திருந்தார்.

"இதைக் கோர்ட்ல வந்து சொல்லுவியா?" என்று எஸ்.ஐ. கேட்டார். அவருக்கு நம்ப முடியவில்லை. "உன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தவன்யா இவன். பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு இவன் மேல தனியா கேஸ் போடுவேன். அது வேற. இவனுக்காக நீ எதுக்குச் சாட்சி சொல்லணும்?"

"பொய் சொன்னதுக்குக் கேஸ் போடுங்க சார், அது நீங்க பாத்துக்குங்க," என்றான் காசிலிங்கம். "ஆனா அவரு திருடல. திருடாதவனைப் புடிச்சு உள்ள வச்சா ராத்திரி எப்படிப் போவும்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது."

ஜெயசீலன் பம்பரிலிருந்து எழுந்து அவன் காலில் விழப் போனார். காசிலிங்கம் இரண்டு கையாலும் அவரைப் பிடித்து நிறுத்தினான்.